குழந்தையின் மூச்சில் ஓர் எண்

ஆஸ்துமா என்று ஐயுறப்படும் ஒரு குழந்தையின் சுவாசப்பாதையில் அழற்சி இருக்கிறதா என்பதைக் கண்கூடாக அறிய மருத்துவத்திடம் நெடுங்காலம் இரண்டு வழிகளே இருந்தன. மூச்சுக்குழாய்க்குள் உள்நோக்குக் கருவியைச் செலுத்தித் திசுவில் ஒரு துணுக்கைக் கிள்ளியெடுப்பது ஒன்று. செறிவான உப்புநீரின் ஆவியை இழுக்கச் செய்து, இருமி வரும் சளியிலுள்ள அணுக்களை நுண்ணோக்கியின்கீழ் எண்ணுவது மற்றொன்று. முதல் வழியைக் குழந்தைகளிடம் மிக அரிதாகவே நியாயப்படுத்த முடியும். இரண்டாவது வழியோ தேர்ந்த ஆய்வகத்தையும், சளியைக் காறி உமிழத் தெரிந்த வயதையும் ஒருசேரக் கேட்பது. ஆகவே, கையில் தூக்கிச் செல்லத்தக்க ஒரு சிறு கருவியில் சில வினாடிகள் ஊதினால், ஓரிரு நிமிடங்களில் அழற்சியின் அளவு எண்ணாகத் திரையில் தோன்றிவிடும் என்ற அறிவிப்பைக் குழந்தைநல மருத்துவர்களும் பெற்றோரும் ஆவலோடு வரவேற்றதில் வியப்பில்லை. அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் எஞ்சியிருந்த கேள்வி. கேட்பதற்கு ஒன்றாகத் தோன்றினாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன: கருவி வாயுவைச் சரியாக அளக்கிறதா என்பது ஒன்று, சரியாக அளக்கப்பட்ட வாயு நோயைச் சரியாகச் சொல்கிறதா என்பது மற்றொன்று. முதலாவதற்குக் கிடைத்திருக்கும் ஓரளவு நல்ல விடையை இரண்டாவதற்கும் உரியதாக எடுத்துக்கொள்ளும் போக்கு மருத்துவமனைகளில் வேரூன்றி வருகிறது. அதன் விளைவைச் சுமப்பவர்கள் ஐந்து வயதிலிருந்து பதினாறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள்.

அளக்கப்படுவது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு. மோட்டார் வாகனப் புகையிலும் தொழிற்சாலைப் புகையிலும் இருக்கும் மாசாகவே அறியப்பட்டிருந்த இந்த வாயுவை மனித உடலே உற்பத்தி செய்கிறது என்பதும், இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் செய்தியாளனாக அது வேலை செய்கிறது என்பதும் 1980-களில் தெளிவாயின. அந்தக் கண்டுபிடிப்புக்காக ராபர்ட் ஃபர்ச்கோட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகிய மூவருக்கும் 1998-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. வெளிவிடும் மூச்சிலும் இந்த வாயு இருப்பதை 1991-இலும், ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சில் அது கூடுதலாக இருப்பதை 1993-இலும் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அந்த ஆய்வுகளின் தொடர்ச்சியாக அதே நாட்டில் தோன்றிய நிறுவனத்தின் முதல் கருவிக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003-இல் ஒப்புதல் அளித்தது. அது மேசையை அடைத்துக்கொள்ளும் பெரிய இயந்திரம். கையடக்கமான நையாக்ஸ் மினோ என்னும் கருவிக்கு 2008-இல் அதே நிர்வாகத்தின் அனுமதி கிடைத்தது. மருத்துவர்கள் சுருக்கமாக ஃபீனோ என்று குறிப்பிடும் இந்தப் பரிசோதனையின் அளவு நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்கு என்ற கணக்கில் சொல்லப்படுகிறது. ஒரு பிள்ளையின் ஃபீனோ 20 என்றால், அவள் வெளிவிட்ட காற்றின் நூறு கோடி மூலக்கூறுகளில் இருபது நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகள் இருந்தன என்று பொருள். இத்தனை நுண்ணிய அளவைக் கையடக்கக் கருவியொன்று பிடித்துவிடுகிறது என்பதே பொறியியலின் பெரிய சாதனை. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் இந்த வாயு எங்கிருந்து, எதனால் வருகிறது என்பதைப் பார்த்த பிறகே எண்ணின் பொருள் விளங்கும். தூசிப்பூச்சி, மகரந்தம், கரப்பான் போன்றவற்றின் ஒவ்வாமைப் பொருள்கள் தூண்டும் ஒரு வகை அழற்சியில், இன்டர்லூகின்-13 என்னும் சமிக்ஞைப் புரதம் சுரந்து, மூச்சுக்குழாயின் உட்சுவர் அணுக்களில் நைட்ரிக் ஆக்சைடை ஆக்கும் நொதியைப் பெருக்குகிறது. மூச்சில் வாயு கூடுவது அதனால்தான். அதே அழற்சியில் இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் பெருகுவதற்கு முதன்மையான காரணம் இன்டர்லூகின்-5 என்னும் வேறொரு புரதம். இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே நிகழ்வதால், ஃபீனோ கூடினால் இயோசினோஃபில் கூடியிருக்கும் என்று மருத்துவர்கள் கருதுகின்றனர். எனினும் அவை இரு வேறு தடங்கள் என்பதை மருந்துகளே காட்டிக்கொடுத்தன: இன்டர்லூகின்-4, 13 ஆகியவற்றின் தடத்தை அடைக்கும் டூபிலுமேப் ஊசி ஃபீனோவைத் தெளிவாகக் குறைக்கிறது, இன்டர்லூகின்-5-ஐ அடைக்கும் மெபோலிசுமேப் ஊசி இயோசினோஃபில்களைப் பெருமளவு குறைத்த பின்னும் ஃபீனோவை அவ்வாறு குறைப்பதில்லை. நியூட்ரோஃபில் என்னும் மற்றொரு வகை வெள்ளணுக்கள் முன்னின்று நடத்தும் அழற்சியை இந்தக் கருவி கண்டுகொள்வதே இல்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுநோயில் மூச்சுக்குழாய்கள் கடும் அழற்சியில் வெந்துகொண்டிருக்கும்போதும் ஃபீனோ இயல்பாகவோ, இயல்பினும் குறைவாகவோ இருக்கிறது. எனவே ‘சுவாசப்பாதை அழற்சியை அளக்கும் கருவி’ என்று விளம்பரங்கள் சொல்வது மிகையானது. அழற்சியின் ஒரு குறிப்பிட்ட கிளையில், ஒரு குறிப்பிட்ட புரதத்தின் செயல்பாட்டை மறைமுகமாகக் காட்டும் கருவி என்பதே சரியான வருணனை.

அளக்கும் முறையில் நம்பகத்தன்மையின் அச்சாணியாக இருப்பது காற்றின் வேகம். நுரையீரலின் ஆழத்திலுள்ள காற்றறைகளில் இந்த வாயு மிகக் குறைவு, ஏனெனில் அங்கே அதை இரத்தத்தின் ஹீமோகுளோபின் உடனே கவர்ந்துகொள்கிறது. அங்கிருந்து புறப்படும் காற்று மூச்சுக்குழாய்களின் வழியே வரும்போதுதான் அவற்றின் சுவரிலிருந்து கசியும் வாயுவை ஏற்றுக்கொள்கிறது. காபி ஃபில்டரில் வெந்நீர் சொட்டுச் சொட்டாக இறங்கினால் டிகாக்‌ஷன் திக்காகவும், விறுவிறுவென்று இறங்கினால் வெளிறியும் இருப்பதைப் போல, மெதுவாக ஊதினால் எண் கூடும், வேகமாக ஊதினால் குறையும். ஒரே குழந்தை ஒரே நிமிடத்தில் இரு வேகங்களில் ஊதினால் இரண்டு வெவ்வேறு எண்கள் கிடைக்கும் என்பதால், வினாடிக்கு 50 மில்லிலிட்டர் என்ற வேகத்தை அமெரிக்க மார்புச் சங்கமும் ஐரோப்பிய சுவாசச் சங்கமும் 2005-இல் பொது விதியாக்கின. அதோடு, மூக்கிலும் முகத்திலுள்ள எலும்புக் குழிகளிலும் இந்த வாயு மூச்சுக்குழாயில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம்; அது கலந்துவிட்டால் கணக்கே கெட்டுவிடும். குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்கு நிகரான எதிர்ப்பை எதிர்த்து ஊதும்போது உள்நாக்கைத் தாங்கும் மென்அண்ணம் தானாக மேலெழுந்து மூக்குவழியை அடைத்துக்கொள்வதால், எல்லாக் கருவிகளிலும் அத்தகைய எதிர்ப்பு வைக்கப்பட்டிருக்கிறது. மூச்சை முதலில் கருவியின் வழியாகவே, வெளிக்காற்றின் நைட்ரிக் ஆக்சைடை வடிகட்டி நீக்கிய பிறகு, நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும். இடையில் நிறுத்திவைக்கக் கூடாது. உடனே சீராக ஊத வேண்டும்.

சீராக ஊதுதல் என்பதுதான் சிறுவர்களிடம் கடினமான பகுதி. பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைப்பதையும் பலூனை ஊதுவதையும் அறிந்த குழந்தைக்கு ஊதுவது என்றாலே வேகமாக ஊதுவது. புல்லாங்குழல் வாசிப்பவரைப் போல மூச்சை அடக்கி ஒரே இழையாக விடுவதை அது இதற்கு முன் செய்ததில்லை. வேகம் எல்லை மீறினால் கருவி ஒலியெழுப்பி முயற்சியை நிராகரித்துவிடும். திரையில் படங்களைக் காட்டி வேகத்தைச் சீராக்கக் கருவிகள் முயல்கின்றன. பொறுமையுள்ள செவிலியர் அருகிலிருந்தால் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கற்றுக்கொள்கின்றனர். ஐந்து வயதுக்குக் கீழே வெற்றி விகிதம் சரிந்துவிடுகிறது. இங்கே எளிய கணக்கொன்று உதவும். வினாடிக்கு 50 மில்லிலிட்டர் வீதம் பத்து வினாடி ஊத அரை லிட்டர் காற்று வேண்டும்; ஐந்தாறு வயதுக் குழந்தையின் நுரையீரல் ஒரே மூச்சில் வெளிவிடக்கூடியது ஏறத்தாழ ஒரு லிட்டரே. ஆகவே குழந்தைகளுக்கென ஆறு வினாடி முறையும் சில கருவிகளில் உண்டு. மூச்சிரைப்பால் நெஞ்சு இறுகியிருக்கும் குழந்தைக்கு ஆறு வினாடியும் நீண்ட நேரமே. பரிசோதனை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே அதைச் சரியாகச் செய்ய முடியாமல் தோற்கும் வாய்ப்பு அதிகம். ஆய்வுகளின் அட்டவணைகளில் ‘செய்ய இயலாதவர்கள்’ என்று நீக்கப்படும் பிள்ளைகளை நம்பகத்தன்மையின் கணக்கில் சேர்க்காமல் விடுவது நேர்மையாகாது.

பெரிய இயந்திரத்துக்கும் சிறிய கருவிக்கும் உள்ள வேறுபாடு உட்புறத்தில் இருக்கிறது. பெரியது வேதி ஒளிர்வு முறையில் இயங்குவது: நைட்ரிக் ஆக்சைடு ஓசோனோடு வினைபுரியும்போது வெளிப்படும் மங்கிய ஒளியை அது எண்ணுகிறது; நொடிக்கு நொடி அளவைக் காட்டும் அதற்கு அடிக்கடி அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தித் திருத்தம் செய்ய வேண்டும். சிறியதில் இருப்பது மின்வேதி உணரி: வாயு அதன் மின்முனையில் வினைபுரியும்போது பிறக்கும் நுண்ணிய மின்னோட்டத்தை அளவாக மாற்றிக் காட்டுவது. உணரிக்கு ஆயுள் உண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பரிசோதனைகளோ குறிப்பிட்ட தேதியோ, எது முந்துகிறதோ அதோடு முடிந்து புதியது மாட்ட வேண்டும். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் சராசரிகள் நன்றாகவே ஒத்துப்போகின்றன. சராசரி ஒத்துப்போவதால் தனி மனிதருக்குக் கிடைக்கும் எண்ணும் ஒத்துப்போகும் என்று கொள்ள முடியாது. பரவலாகப் பயன்படும் கையடக்கக் கருவியின் தயாரிப்பாளரே 50-க்குக் கீழுள்ள அளவுகளில் ஐந்து வரையிலும், அதற்கு மேல் பத்து விழுக்காடு வரையிலும் பிழை இருக்கலாம் என்று குறிப்பிடுகிறார். பெரியவர்களின் 80-க்கும் 120-க்கும் நடுவே இந்தப் பிழை பொருட்டாகாது. குழந்தைகளின் முடிவுகளோ பெரும்பாலும் 10-க்கும் 40-க்கும் நடுவே விழுகின்றன. அங்கே ஐந்து என்பது பெரிய தொகை. போதாக்குறைக்கு, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒரே குழந்தைக்கு ஒரே எண்ணைத் தருவதில்லை. அளவு கூடக்கூட இடைவெளியும் விரிகிறது. ஒரு மருத்துவமனையின் கருவியில் கிடைத்த எண்ணை இன்னொரு மருத்துவமனையின் வேறு கருவியில் ஆறு மாதம் கழித்துக் கிடைத்த எண்ணோடு ஒப்பிட்டு, நோய் கூடியது, குறைந்தது என்று முடிவு செய்வதற்கு ஆதாரம் இல்லை.

உணரியின் தரத்தைச் சரிபார்க்கும் முறை ஒன்றும் கவனத்துக்குரியது. புகைபிடிக்காத, ஆஸ்துமா இல்லாத, சளி பிடிக்காத ஊழியர் ஒருவர் குறித்த இடைவெளிகளில் தாமே ஊதி, தமது வழக்கமான எண் மாறாமல் வருகிறதா என்று பார்ப்பதைக் கருவியின் கையேடுகள் பரிந்துரைக்கின்றன. அந்த ஊழியரின் நுரையீரலே அங்கே எடைக்கல். அந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்யும் இடத்தில் கிடைக்கும் எண்ணும், செய்யாத இடத்தில் கிடைக்கும் எண்ணும் அறிக்கைத் தாளில் ஒன்றுபோலவே தோற்றமளிக்கும். வெப்பமும் ஈரப்பதமும் இன்னொரு சிக்கல். பரவலாகப் பயன்படும் கருவியின் இயக்க எல்லையாக 10 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பமும், 20 முதல் 80 விழுக்காடு ஈரப்பதமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. சுவீடனிலும் பிரிட்டனிலும் கோடையிலும் பெரும்பாலும் தொல்லை தராத இந்த எல்லை, அக்னி நட்சத்திர நாள்களில் 40 பாகையைத் தாண்டும் வேலூரிலும் கரூரிலும், மழைக்காலக் காலைகளில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் சென்னையிலும், குளிரூட்டப்படாத புறநோயாளிப் பிரிவிலோ பள்ளி முகாமிலோ மீறப்படும். கையடக்கம் என்பதாலேயே எங்கும் எடுத்துச் செல்லலாம் என்று எண்ணிவிடக் கூடாது.

கருவி பிழையின்றி அளந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் எண்ணுக்குள் நோயைத் தவிர வேறு பலவும் புகுந்திருக்கின்றன. குழந்தை வளர வளர, உயரம் கூடக்கூட ஃபீனோ இயல்பாகவே ஏறுகிறது. ஆறு வயதில் கூடுதலாகத் தோன்றும் எண் பதினைந்து வயதில் சாதாரணமாக இருக்கலாம். மூச்சிரைப்பே இல்லாமல் தும்மலும் மூக்கொழுகலுமாக ஒவ்வாமை மட்டும் உள்ள பிள்ளைகளுக்கும் எண் உயர்ந்திருக்கும். சாதாரணச் சளிக்காய்ச்சல் சில வாரங்களுக்கு அதை ஏற்றிவைக்கும். நைட்ரேட் நிறைந்த கீரை வகைகளும் பீட்ரூட்டும் முள்ளங்கியும் உண்ட இரண்டு மணி நேரத்தையொட்டி எண் உயர்கிறது. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை மாற்றுவதே காரணம். மதிய உணவில் அரைக்கீரை மசியல் உண்டு வந்த பிள்ளைக்கும் தயிர்ச்சோறு உண்டு வந்த பிள்ளைக்கும் இடையிலான வேறுபாடு, சில நேரங்களில் மருந்தைத் தொடங்கலாமா வேண்டாமா என்ற வேறுபாடாக மாறிவிடக்கூடும். மறுபுறம், புகைபிடித்தல் எண்ணைக் கணிசமாகக் குறைக்கிறது. பெற்றோர் அருகில் நிற்கும்போது பதினாறு வயது இளைஞனிடம் அதைப் பற்றிக் கேட்டு உண்மையான விடை பெறுவது எளிதன்று. ஸ்பைரோமெட்ரி என்னும் நுரையீரல் திறன் பரிசோதனையில் பலமாக ஊதிய பிறகு எண் சற்று இறங்கிவிடுவதால், ஃபீனோவை அதற்கு முன்பே எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து சில நாள்களிலேயே எண்ணை இறக்கிவிடும். வீசிங் என்று வரும் குழந்தைக்கு முதல் நாளே நெபுலைசரில் ஸ்டீராய்டும் வாய்வழி ஸ்டீராய்டும் கொடுத்து, ஒரு வாரம் கழித்து ஊதச் சொல்லி, எண் குறைவாக இருக்கிறது என்பதால் ஆஸ்துமா இல்லை என்று சொல்லியனுப்புவது, தீயை அணைத்த பிறகு வந்து பார்த்துவிட்டுத் தீ எரியவே இல்லை என்று சாட்சி சொல்வதற்கு ஒப்பாகும்.

எல்லைக்கோடு எங்கே என்பதிலும் வல்லுநர்கள் ஒன்றுபடவில்லை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 20-க்குக் கீழ் என்றால் இயோசினோஃபில் அழற்சிக்கு வாய்ப்புக் குறைவு, 35-க்கு மேல் என்றால் அதிகம், இடைப்பட்டதைச் சூழலோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க மார்புச் சங்கம் 2011-இல் வகுத்தது. ஐந்து முதல் பதினாறு வயதினரிடம் 25 அல்லது அதற்கு மேல் என்பது ஆஸ்துமாவுக்கு ஆதரவான சான்று என்று ஐரோப்பிய சுவாசச் சங்கம் 2021-இல் பரிந்துரைத்தது. பிரிட்டனில் 2024 நவம்பரில் வெளிவந்த கூட்டு வழிகாட்டுதல், அதே வயதினரிடம் நோய்க்கான அறிகுறிகளோடு 35 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆஸ்துமா என உறுதிசெய்யலாம் என்கிறது. எண் 28 வந்த ஒரு பிள்ளை கடலைக் கடந்தால் அவளது எண்ணின் பொருள் மாறிவிடுகிறது. இந்தக் குழப்பத்துக்கு அடிப்படை, நலமுள்ளவர்களின் எண்களே பரந்து கிடப்பதுதான். அமெரிக்காவின் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு 2007-இலிருந்து 2012 வரை கையடக்கக் கருவியைக் கொண்டு ஆறு வயது முதல் எழுபத்தொன்பது வயது வரையுள்ளோரின் மூச்சை அளந்தது. ஒன்றோடொன்று ஒத்துவரும் இரண்டு முயற்சிகளையே அது ஏற்றுக்கொண்டது. அதன் முதல் நான்காண்டுத் தரவுகளின்படி, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட நலமுள்ள பிள்ளைகளில் இரு ஓரங்களிலும் ஐந்து விழுக்காட்டினரை நீக்கிய பிறகும், எஞ்சியோரின் அளவு 3.5-இலிருந்து 36.5 வரை விரிந்திருந்தது. ஐரோப்பாவின் கோடான 25-உம் பிரிட்டனின் கோடான 35-உம் இந்த இயல்பான பரப்புக்குள்ளேயே விழுகின்றன.

இதன் விளைவைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. ஆஸ்துமாவைக் கண்டறிவதில் ஃபீனோவின் திறனை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் வெளிவந்த தொகுப்பாய்வு, நோய் உள்ளவர்களில் 65 விழுக்காட்டினரை அது சரியாகப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 82 விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கிறது என்று கண்டது. பெரியவர்களும் சிறுவர்களும் கலந்த, வெவ்வேறு எல்லைக்கோடுகளைக் கொண்ட ஆய்வுகளின் பொதுமதிப்பு அது. ஆஸ்துமாவாக இருக்கலாம் என்ற ஐயத்தோடு வரும் நூறு பிள்ளைகளில் நாற்பது பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது என்று கொண்டால், இருபத்தாறு பேர் பிடிபடுவர், பதினான்கு பேர் தவறிவிடுவர். நோயற்ற அறுபது பேரில் பதினொரு பேருக்கு எண் உயர்ந்து வரும். உயர்ந்த எண் வந்த முப்பத்தேழு பேரில் இருபத்தாறு பேருக்கு நோய் உண்டு என்பது மருத்துவருக்கு உதவக்கூடிய செய்தியே. இதே கருவியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், எந்த அறிகுறியையும் விசாரிக்காமல் ஆயிரம் மாணவர்களை ஊதச் சொன்னால் நிலைமை தலைகீழாகிவிடும். அவர்களில் அறுபது பேருக்கு ஆஸ்துமா என்று கொண்டால், முப்பத்தொன்பது பேர் பிடிபடுவர். இருபத்தொருவர் நலம் என்று அனுப்பப்படுவர். நோயற்ற தொள்ளாயிரத்து நாற்பது பேரில் நூற்று அறுபத்தொன்பது பேர் நோயுள்ளவர் பட்டியலில் சேர்வர். கருவி மாறவில்லை, அதன் துல்லியமும் மாறவில்லை. ஊதியவர்கள் யார் என்பது மட்டுமே மாறியது. உயர்ந்த எண் வந்தவர்களில் ஐவரில் ஒருவருக்குக்கூட நோய் இல்லை என்னும் நிலையில், பள்ளி முகாம்களில் வரிசையில் நிற்க வைத்து ஊதச் சொல்வதை மருத்துவச் சேவை என்று ஏற்க முடியாது. நலமுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளில் அச்சத்தை விதைத்து, நோயுள்ள இருபத்தொரு வீடுகளில் பொய்யான நிம்மதியை விட்டுச்செல்லும் செயல் அது.

நோய் உறுதியான பிறகு மருந்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் இந்த எண் வழிகாட்டுமா என்ற கேள்விக்கும் விடை கலவையாகவே இருக்கிறது. காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட தொகுப்பு, ஃபீனோவைப் பார்த்து மருந்தளவை மாற்றிய பிள்ளைகளிடம் கடும் தாக்குதலுக்கு உள்ளானோர் குறைவு என்று கண்டது. ஆனால் அன்றாடத் தொந்தரவுகளிலோ, உள்ளிழுத்த ஸ்டீராய்டின் அளவிலோ வேறுபாடு இல்லை. பின்னர் பிரிட்டனில் ஆறு முதல் பதினைந்து வயது வரையுள்ள 509 பிள்ளைகளைக் கொண்டு நடந்து 2022-இல் முடிவு வெளியான ஆய்வில், அறிகுறிகளை மட்டும் பார்த்து மருந்தளித்த குழுவுக்கும், அதனோடு ஃபீனோவையும் பார்த்து அளித்த குழுவுக்கும் இடையில் ஓராண்டுக்குள் நேர்ந்த கடும் தாக்குதல்களில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இரு குழுக்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் தாக்குதலுக்கு ஆளாயினர். நல்ல முறையில் கவனிக்கப்படும் ஒரு பிள்ளைக்கு எண்ணைக் கூடுதலாகச் சேர்ப்பதால் கிடைக்கும் பயன் சிறிது என்பதே இதிலிருந்து பெறத்தக்க முடிவு.

கருவி தனது முழு மதிப்பையும் காட்டும் இடம் வேறு. ஒரே பிள்ளையை, ஒரே கருவியில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், சளிக்காய்ச்சல் இல்லாத நாள்களில் திரும்பத் திரும்ப அளக்கும்போது, வயதும் உயரமும் ஒவ்வாமையும் கருவியின் தனிப்பிழையும் பெரும்பாலும் இருபுறமும் கழிந்துவிடுகின்றன. எஞ்சும் மாற்றத்துக்குப் பொருள் உண்டு. 50-க்குக் கீழுள்ள எண்ணில் பத்துக்கு மேலும், 50-க்கு மேற்பட்டதில் இருபது விழுக்காட்டுக்கு மேலும் மாறினால்தான் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற 2011-ஆம் ஆண்டின் வரையறை இங்கே பயன்படுகிறது. நல்ல அளவில் ஸ்டீராய்டு எழுதிக்கொடுத்தும் எண் இறங்காத பிள்ளையிடம் முதலில் எழ வேண்டிய ஐயம், மருந்து உள்ளே போகிறதா என்பதே. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர ஆய்வாளர்கள் கடும் ஆஸ்துமா உள்ள பெரியவர்களைக் கொண்டு 2012-இல் காட்டியதைப் போல, கண்காணிப்பின்கீழ் ஒரு வாரம் மருந்தை எடுக்கச் செய்து எண் சரிந்தால், அதுவரை மருந்து ஒழுங்காக எடுக்கப்படவில்லை என்பது புலப்படும். அவ்வாறு தெரியவரும் உண்மையைப் பிள்ளையைக் கடிந்துகொள்வதற்குப் பயன்படுத்தாமல், இன்ஹேலரை இழுக்கும் முறை தவறா, ஸ்பேசர் என்னும் இடைக்குழல் இல்லையா, வகுப்பில் நண்பர்களின் முன் எடுக்கக் கூச்சமா, மருந்து வாங்கப் பணம் இல்லையா என்று விசாரிக்கத் தொடங்குவதற்குப் பயன்படுத்தும் மருத்துவரின் கையில் இந்தக் கருவி விலைமதிப்புள்ளது. விலையுயர்ந்த உயிரியல் ஊசிகளைத் தொடங்கும் முன் இந்த எண்ணைப் பார்ப்பதற்கும் தெளிவான காரணம் உண்டு. ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் டூபிலுமேப் மருந்தைச் சோதித்து 2021-இல் வெளியான ஆய்வு, தொடக்க ஃபீனோ 20-உம் அதற்கு மேலும் இருந்தவர்களைத் தனிப் பிரிவாகவே எடுத்து ஆராய்ந்தது.

இந்தியச் சூழலில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பரிமாணம் சேர்கிறது. உலகளாவிய நோய்ச்சுமை மதிப்பீடுகளின்படி இந்நாட்டில் ஆஸ்துமா உள்ளோர் ஏறத்தாழ 3.4 கோடிப் பேர். உலகில் அந்நோயால் நேரும் இறப்புகளில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் இங்கேதான் நிகழ்கின்றன. உலக ஆஸ்துமா வலையமைப்பின் இந்தியப் பிரிவு ஒன்பது மையங்களில் நடத்திய ஆய்வில், மூச்சிரைப்பு உள்ளோரில் ஐந்தில் நால்வருக்கு ஆஸ்துமா என்ற பெயரே அதுவரை சொல்லப்படவில்லை என்பது வெளிப்பட்டது. இங்கே பிள்ளைகள் உயிரிழப்பதற்கும் பள்ளி நாள்களை இழப்பதற்கும் காரணம் மூச்சில் நூறு கோடியில் எத்தனை பங்கு வாயு இருக்கிறது என்பது தெரியாமற்போனதன்று. பெயர் சொல்லப்படாத நோயும், ‘பம்பு பழகிவிட்டால் விட முடியாது’ என்ற அச்சமும், தடுப்பு மருந்தான உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுக்குப் பதிலாகத் தணிப்பு மருந்தை மட்டும் மாதக்கணக்கில் எழுதும் பழக்கமுமே காரணங்கள். கருவியின் விலையும், தீர்ந்துபோகும் உணரியின் விலையும், ஒவ்வொரு முறையும் நோயாளி செலுத்தும் கட்டணமும் அந்தக் காரணங்களில் எதையும் தொடுவதில்லை. விரிவாக விசாரித்தறியும் நோய்வரலாறும், காதை வைத்துக் கேட்கும் நெஞ்சும், ஒரு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் உச்ச மூச்சோட்டமானியில் இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதிக் குறித்து வைக்கும் தாளும் சேர்ந்து, பெரும்பாலான பிள்ளைகளின் நோயைக் கருவியின் துணையின்றியே நிறுவிவிடும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பெரிய மையங்களிலும் சிக்கலான பிள்ளைகளுக்கென ஃபீனோ இருப்பது தேவை, மாவட்டந்தோறும் வாங்கி நிறுத்துவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்டீராய்டு இன்ஹேலரும் ஸ்பேசரும் ஆண்டு முழுவதும் தட்டுப்பாடின்றி இருப்பது அதைவிடத் தேவை.

ஏற்கெனவே கருவியை வைத்திருக்கும் இடங்களில் அறிக்கைத் தாளை மாற்றுவது உடனே செய்யக்கூடியது. இன்று பெற்றோரின் கையில் கொடுக்கப்படும் தாள்களில் பெரும்பாலும் ஓர் எண்ணும், அதனருகில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பட்டையும் மட்டுமே இருக்கின்றன. எந்தக் கருவி, எத்தனை முயற்சிகள், ஆறு வினாடியா பத்து வினாடியா, பிள்ளையின் வயதும் உயரமும், கடைசியாக ஸ்டீராய்டு எடுத்த நாள், அண்மையில் சளிக்காய்ச்சல் இருந்ததா, மூக்கு ஒவ்வாமை உண்டா, அன்று என்ன உண்டாள், சென்ற முறை இதே கருவியில் கிடைத்த எண் எது என்ற விவரங்கள் அந்த எண்ணின் அருகிலேயே அச்சிடப்பட வேண்டும். ஐந்து வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற குறிப்பும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். 23 என்ற எண் தனியாக நிற்கும் தாளுக்கும், ‘18-க்கும் 28-க்கும் இடையில், பத்து நாளைக்கு முன் காய்ச்சல், தும்மல் உண்டு, ஸ்டீராய்டு எடுக்கவில்லை’ என்று சொல்லும் தாளுக்கும் உள்ள தொலைவு, அடுத்த ஊரில் அந்தப் பிள்ளையைப் பார்க்கப்போகும் மருத்துவர் எழுதும் மருந்துச்சீட்டில் தெரியும்.